கூரை யாருடையது?

தொழிற்சங்கக் கிளை வகுப்பில் ஆற்றிய உரை

 

சம்பளத்தைப் பற்றி இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். போனசைப் பற்றியும், மழை நாட்களில் வேலையில்லாத குறையைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இன்று நான் பேச வந்திருப்பது கூரையைப் பற்றி. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், நிரையை முடித்து, பாலை நிறுத்துக் கொட்டிவிட்டுத் திரும்பும் மனிதன் தலை சாய்க்கின்ற கூரை யாருடையது? இதுதான் கேள்வி.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். ஆனால் அந்தப் பாட்டிமாரில் பெரும்பாலோர் லயத்தில் வாழ்க்கைப்பட்டு, லயத்தில் பிள்ளை பெற்று, லயத்திலேயே கண்ணை மூடினார்கள். பழமொழியை நமக்குத் தந்தார்கள். வளையைத் தர அவர்களிடம் வளை இல்லை.

இந்த நாட்டில் நம்மவர் வாழும் கூரைகளை மூன்றாகப் பிரிக்கலாம். வேலையோடு வந்த கூரை ஒன்று. ஆண்டுக்கு ஆண்டு உத்தரவு வாங்கும் கூரை இரண்டாவது. பட்டாவில் பெயர் ஏறிய கூரை மூன்றாவது. முதலாவதிலிருந்து வெளியேறும் நம் மக்கள் மூன்றாவதுக்குப் போவதாக எண்ணிக்கொண்டு இரண்டாவதில் போய் விழுந்துவிடுகிறார்கள். அதைத் தடுப்பதற்காகவே இந்தப் பேச்சு.

வேலையோடு வந்த வீடு

தோட்டத்து முதலாளி லயம் கட்டியது இரக்கத்தால் அன்று. பொழுது புலருமுன் ஆள் மரத்தடியில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். ஆகவே ஆளை மரத்துக்குப் பக்கத்திலேயே குடிவைக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிக்கப்பட்டது. ஆள் கட்டி அனுப்புவதை 1938-ல் இந்திய அரசாங்கம் தடுத்தது. கங்காணி போனான், லயம் மட்டும் போகவில்லை. வாளியும் மங்கும் எப்படித் தோட்டத்துச் சாமான்களோ, அப்படியே வீடும் ஒரு சாமானாக இருந்தது. சாமானைத் திருப்பிக் கொடுக்கிற நாளில் வீட்டையும் கொடுத்துவிட வேண்டும்.

இதன் விளைவு என்ன? அப்பனுக்கு வேலை ஓய்ந்தால் வீடு போகும். வீடு போகாமலிருக்க மகன் பெயரைச் செக்குரோலில் பதிய வேண்டும். படிக்க வேண்டிய பிள்ளை பால்கத்தியைத் தூக்கியது பல குடும்பங்களில் வீட்டுக்காகத்தான். வயிறு ஒரு கயிறு என்றால், கூரை இன்னொரு கயிறு. இரண்டு கயிற்றாலும் கட்டப்பட்டவன் முதலாளி முன் நிமிர்ந்து பேச எப்படித் துணிவான்? சங்கத்தில் சேரவே அந்நாளில் பலர் அஞ்சினார்கள் என்றால் அதற்குக் கூரையும் ஒரு காரணம்.

தோட்ட வீடுகளுக்குச் சட்டம் உண்டு. 1966-ல் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-ல் 446-வது சட்டம் வந்தது. 2020-ல் அது தோட்டங்களுக்கு அப்பால் மற்றத் தொழில்களில் தங்கவைக்கப்படும் தொழிலாளர்களுக்கும் விரிக்கப்பட்டது. தண்ணீரும் விளக்கும் கழிப்பிடமும் இப்படி இப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் ‘தரம்’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கூரை ஒழுகக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. கூரை உன்னுடையது என்று அது எந்த இடத்திலும் சொல்லவில்லை.

தோட்டம் கைமாறும்போதுதான் இதன் கசப்புத் தெரியும். இன்று மாடமாளிகைகள் நிற்கும் பெட்டாலிங் ஜெயா 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்காம் ரப்பர்த் தோட்டத்தின் மண்ணில் எழுந்த ஊர். நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா 1990-களில் பிராங் பெசார் தோட்டத்திலும் அதனை அடுத்த தோட்டங்களிலும் எழுந்தது. அங்கே இருந்த நம் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போயின. தரை வீடு கேட்டு அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. ரப்பர் மண் நகரத்து மண்ணானதும் அதன் விலை ஏறியது. ஏறிய விலையில் அந்த மண்ணைத் திருத்தியவனுக்குப் பங்கு கேட்க அவன் கையில் ஒரு காகிதமும் இல்லை.

கோயிலுக்கும் பள்ளிக்கும் இதே கதைதான். தோட்டத்து மாரியம்மன் கோயிலை நம் முன்னோர் தங்கள் கைக்காசில் கட்டினார்கள், மனை கம்பெனியுடையது. பல தமிழ்ப்பள்ளிகள் இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருப்பதற்கு நிலம் அரசாங்கத்துடையதாக இல்லாததே காரணம். வீடு, கோயில், பள்ளி மூன்றும் பிறர் மண்ணில் நிற்கும் ஒரு சமுதாயம் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் விருந்தாளியாகவே எண்ணப்படும்.

ஆண்டுக்கு ஆண்டு உத்தரவு

இரண்டாவது கூரைக்கு வருகிறேன். ‘டி.ஓ.எல்.’ என்ற மூன்றெழுத்தை அறியாதவர் சிற்றூர்களில் இல்லை. தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்பது அதன் பொருள்.

1948-ல் அவசரகாலம் பிறந்தது. 1950-ல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரங்களில் பயிர் வைத்துக் குடியிருந்த ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர்கள், நானூற்றுக்கு மேற்பட்ட புதுக்கிராமங்களில் கொண்டுவந்து வைக்கப்பட்டார்கள். அதே ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்களும் ஒன்றுகூட்டப்பட்டு, லயங்களைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. வேலி இரு சாராருக்கும் ஒன்றுதான். சோதனையும் ஊரடங்கும் ஒன்றுதான். ஆனால் மண் வேறு.

புதுக்கிராமத்தானுக்கு முதலில் கிடைத்தது டி.ஓ.எல். தான். அவர்கள் அதோடு அமைந்துவிடவில்லை. மனு எழுதினார்கள், பிரதிநிதிகளைப் பிடித்தார்கள், பணம் கட்டினார்கள். நாளடைவில் பலர் முப்பதாண்டு, அறுபதாண்டு, தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைப் பட்டாக்களைப் பெற்றார்கள். நமக்கோ வேலி கம்பெனி நிலத்துக்குள்ளேயே போடப்பட்டது. அவசரகாலம் 1960-ல் முடிந்தபோது அவர்கள் கையில் ஓர் ஊரின் வித்து இருந்தது. நம் கையில் லயத்து அறையின் சாவி இருந்தது. இதைப் பொறாமைப்பட்டுச் சொல்லவில்லை. அவர்கள் பட்ட துன்பமும் சிறிதன்று. ஆனால் காகிதத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டும் என்ற பாடத்தை அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி, டி.ஓ.எல். எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தொகுப்பில் அது எழுதப்பட்டிருக்கிறது. எந்த மாதத்தில் கொடுத்தாலும் அந்த ஆண்டு முடியும்போது உரிமமும் முடிந்துவிடும். மீண்டும் புதுப்பிக்க வேண்டும். பிறருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் அவரோடு இறந்துவிடும், பிள்ளைக்கு இறங்காது. அப்படியிருக்க, டி.ஓ.எல். நிலத்தில் செங்கல் சுவர் எழுப்பி, ஓடு வேய்ந்து, மகள் கல்யாணத்துக்குத் திண்ணையும் கட்டி, “இது என் வீடு” என்று சொல்லும் குடும்பங்கள் எத்தனை! சுவர் உங்களுடையதுதான். சுவர் நிற்கும் மண் அரசாங்கத்துடையது. அதுவும் டிசம்பர் 31 வரைதான்.

மலைமேல் வாழ்வோருக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். தாப்பாவிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் கேமரன் மலையில் தானா ராத்தா வரும். கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகம். 1929-ல் அங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காட்டை அழித்துச் சரிவில் தேயிலை நட்டதில் தமிழர் கை பெரிய கை. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று சிற்றூர்கள் எழுந்தன. காய்கறித் தோட்டங்கள் பெருகின. அந்தக் காய்கறி நிலங்களில் பெரும்பகுதி தலைமுறை தலைமுறையாக டி.ஓ.எல். பெயரிலேயே பயிரிடப்பட்டு வந்தது. முட்டைக்கோசு மூன்று மாதத்தில் விளையும்; அதற்கு ஓராண்டு உரிமம் போதும். மனிதன் ஓராண்டுப் பயிரா?

மலையூர்களில் இன்னொரு கஷ்டமும் உண்டு. சமதரை குறைவு. இருக்கும் தரைக்கு விடுதிக்காரரும் போட்டியிடுகிறார். விடுமுறைக்கு வந்து தங்க வீடு வாங்கும் பட்டணத்துப் பணக்காரரும் போட்டியிடுகிறார். தேயிலை கிள்ளும் அம்மாவின் சம்பளம் அந்தப் போட்டியில் எட்டிப் பார்க்கவும் முடியாது. கொழுந்து கிள்ளுகிறவரைக்கும் லயம் உண்டு. கை ஓய்ந்தபின் அந்த மலையில் அவருக்கு இடமில்லை. சுற்றுலாப் படத்தில் அவர் முகம் இருக்கும். ஊர்ப் பதிவேட்டில் அவர் பெயர் இராது.

டி.ஓ.எல்.-ஐ நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பினாங்கு குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு வளர்த்து, பால் விற்று, பொங்கல் வைத்து வாழ்ந்த பழைய தமிழ்க் கிராமம் அது. நிலம் வேறு கைக்குப் போயிற்று. மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள். ‘நீங்கள் இத்தனை காலம் இருந்தது உரிமத்தின் பேரில்தான், உரிமம் முடிந்துவிட்டது’ என்பதே அவர்களுக்கு எதிராக நின்றது. 2009-ல் கிராமம் இடித்துத் தள்ளப்பட்டது. எத்தனை தலைமுறை இருந்தோம் என்று நாம் எண்ணுகிறோம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று நீதிமன்றம் பார்க்கிறது.

பெயர் ஏறிய கூரை

இந்த நாட்டு நிலச் சட்டத்தின் உயிர் பதிவேட்டில் இருக்கிறது. பணம் கொடுத்ததால் மட்டும் நிலம் சொந்தமாகாது. கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாளாலும் ஆகாது. நில அலுவலகத்துப் பதிவேட்டில் பெயர் மாறினால்தான் ஆகும். இதை மனத்தில் ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்பவை எல்லாம் அந்த ஆணியில் தொங்குபவை.

தோட்டத்தை விட்டுச் சிற்றூருக்குப் போகிறவருக்கு முதலில் வரும் ஆசை வலை ‘லோட் லிடி’. ஒருவர் வருவார். “இரண்டு ஏக்கர் விவசாய நிலம் இருக்கிறது, துண்டு போட்டுத் தருகிறேன், வங்கிக் கடன் வேண்டாம், மாதம் இவ்வளவு கட்டினால் போதும்” என்பார். கயிறு பிடித்து அளந்தும் காட்டுவார். ஆனால் விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு பங்கு ஹெக்டேருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே, தனித்தனிப் பட்டாவாகப் பிரிக்கச் சட்டம் இடந்தராது. ஆகவே அந்த மனைக்குத் தனிப் பட்டா வராது. மிஞ்சிப் போனால் முப்பது நாற்பது பேர் பெயர் ஒரே பட்டாவில் ஏறும். எந்தச் சுவர் எவருடையது என்று பட்டா சொல்லாது. ஒருவர் விற்க வேண்டுமென்றாலும், கடன் வாங்க வேண்டுமென்றாலும், எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். சில இடங்களில் பெயர்கூட ஏறுவதில்லை. பற்றுச்சீட்டு மட்டும் பெட்டியில் தூங்கும்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அலுவலகத்துக்குப் போங்கள். சிறு கட்டணம் கட்டினால் பட்டாவைத் தேடிப் பார்க்கலாம். மலாயில் ‘சாரியான்’ என்பார்கள். ஐந்து சங்கதிகளைக் கவனியுங்கள். விற்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றா? நிலையான உடைமையா, குத்தகையா. குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? விவசாய நிலமா, கட்டட நிலமா? வங்கிக்கு அடகு இருக்கிறதா? மலாய் ஒதுக்கீட்டு நிலமா? ஒதுக்கீட்டு நிலத்தை நம்மவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. யார் என்ன சத்தியம் செய்தாலும் முடியாது.

விலை பேசி ஒப்பந்தம் எழுதியபின், பெயர் மாறப் பல மாதம் ஆகலாம். அதற்குள் விற்பவர் இன்னொருவருக்கும் விற்றுவிட்டால்? அதற்குத்தான் ‘கேவியட்’ என்ற தடைப் பதிவு இருக்கிறது. வாங்குபவர் சார்பில் அதை இட்டு வைத்தால், அது நிற்கும்வரை வேறு பெயர் ஏறாது. தனியார் கேவியட் ஆறாண்டு நிற்கும். வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சி இதைச் செய்யாமல் விட்டு, ஆயுட்காலச் சேமிப்பை இழக்கலாமா?

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஊழியர் சேமநிதி 1951-லிருந்து இருக்கிறது. அது கிழக்காலத்துக்கு என்று ஒதுக்கிய பணம் என்றாலும், வீடு வாங்கவும் கட்டவும் அதில் ஒரு பகுதியை எடுக்க வழி உண்டு. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் வீட்டுக்கான பணம் ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து வருகிறது. வேலை ஓய்ந்த நாளில் மொத்தப் பணத்தையும் வாங்கி, கல்யாணத்துக்கும் காருக்கும் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போன பெரியவர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

வீடு வாங்கிய பிறகும் வேலை முடியவில்லை. நிலவரி ஆண்டுதோறும் மே மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும். கட்டாமல் விட்டால் அறிவிப்பு வரும். அதில் குறித்த மூன்று மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் நிலமே அரசாங்கத்துக்குப் போகலாம். அறிவிப்பு மலாயில் வரும். படிக்கத் தெரியாத பெரியவர் அதை அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துவிடுவார். நூறு வெள்ளிக்குள் முடிந்திருக்கும் காரியம், வீட்டையே கொண்டுபோய்விடும்.

கடைசியாக, வாரிசு. பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. பேரன்கள் மூன்று ஊரில் இருக்கிறார்கள். இப்படி எத்தனை வீடுகள்! உயில் எழுதாமல் இறந்தவர் சொத்து எப்படிப் பிரியும் என்பதை 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் சொல்கிறது. நம்மவருக்கு அதுதான் சட்டம். துணையும் மக்களும் பெற்றோரும் இருந்தால், துணைக்குக் கால், பெற்றோருக்குக் கால், மக்களுக்கு அரை. பெற்றோர் இல்லையானால், துணைக்கு மூன்றில் ஒன்று, மக்களுக்கு மூன்றில் இரண்டு. மக்கள் பங்கில் ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமை இல்லை. சிறு சொத்துக்களைப் பிரித்துப் பெயர் மாற்ற நில அலுவலகத்திலேயே மனுச் செய்ய 1955-ஆம் ஆண்டுச் சட்டம் வழி தந்திருக்கிறது. தாமதித்தால் தலைமுறை கூடும், பங்காளி கூடுவான், காரியம் குழம்பும்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு சொல். நீங்களும் நிரை பிடித்து மரம் வெட்டியவர்கள். உங்கள் சம்பளமும் சேர்ந்துதான் வீடு வந்தது. பட்டாவில் உங்கள் பெயரும் ஏறட்டும். இதைக் கேட்பது கணவன்மேல் நம்பிக்கையில்லாமை ஆகாது. நாளைக்கு ஒரு துயரம் வந்தால், உங்கள் பாதியைக் குறித்து எவரும் வாய் திறக்க முடியாது.

தனி ஆளும் கூட்டுக் கையும்

“இவ்வளவும் சம்பளக்காரனால் ஆகுமா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. தனி ஆளால் கடினம்தான். அதற்கும் நம் சரித்திரத்தில் பதில் இருக்கிறது.

1950-களில் வெள்ளைக்காரத் துரைமார் பெரிய தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் கண்ணீரோடு சொல்லும் காலம் அது. உங்கு அசிஸ் அவர்கள் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து எழுதினார். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

அந்த நேரத்தில்தான், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் அவர்கள், 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டச் சொன்னார். அந்நாளில் பத்து வெள்ளி எளிதன்று. பல நாள் கூலி. ஆயினும் நம் மக்கள் கட்டினார்கள். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் போன்ற தோட்டங்கள் வாங்கப்பட்டன. பால் மரம் வெட்டியவனே தோட்டத்துப் பங்காளி ஆனான். துண்டாட வந்த கத்தி சில இடங்களிலாவது நின்றது.

அந்தக் கூட்டுறவு நமக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடவில்லை. பங்காளியான பிறகும் பலர் தோட்டத்து வீட்டிலேதான் இருந்தார்கள்; சொந்த மனை என்ற கேள்வி தீரவில்லை. ஆனால் ஒன்றை அது மெய்ப்பித்தது: ஏழையின் பத்து வெள்ளி தனியாக இருந்தால் கள்ளுக்கடைக்குப் போகும், சேர்ந்தால் தோட்டத்தை வாங்கும்.

இனி நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்துக் குடும்பங்களின் பட்டியலை எடுக்கட்டும்: எவருக்கு வெளியில் வீடு உண்டு, அது பட்டாவா, டி.ஓ.எல்.-ஆ, வெறும் பற்றுச்சீட்டா? இரண்டாவது, தோட்டம் விற்கப்படும் பேச்சு எழுந்ததுமே, நஷ்டஈட்டோடு வீட்டுமனையையும் நம் கோரிக்கையில் முதல் வரியாக எழுதுவோம். மண்வாரி இயந்திரம் வந்தபின் எழுதும் மனுவுக்கு வலு குறைவு. மூன்றாவது, மனை வாங்க நினைப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே வக்கீலைப் பிடித்து, ஒரே நாளில் நில அலுவலகத்துக்குப் போகட்டும். ஏமாற்றுக்காரன் தனி ஆளைத்தான் தேடுவான்.

கிராணிமார்களே, இதில் உங்கள் பங்கு பெரியது. நீங்கள் மலாய்ப் பாரங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயாக் கொட்டகையில் ஒரு மேசையைப் போட்டு உட்காருங்கள். வீட்டுக்கு வீடு பெட்டியில் தூங்கும் காகிதங்களைக் கொண்டு வரச் சொல்லுங்கள். நிலவரி அறிவிப்பா, உரிமமா, பட்டாவா என்று படித்துச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் வேலை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைக் காப்பாற்றக்கூடும். செக்குரோலில் பெயர் எழுதிய கை, பட்டாவில் பெயர் ஏறவும் உதவட்டும்.

தோழர்களே! இந்த நாட்டில் நாம் நட்ட மரங்கள் இரண்டு மூன்று முறை வெட்டி மீண்டும் நடப்பட்டுவிட்டன. பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனையும் போய் நகரம் வந்துவிட்டது. மரம் மாறும், முதலாளி மாறுவான். பதிவேட்டில் ஏறிய பெயரை மட்டும் நம் சம்மதமின்றி எவரும் எளிதில் மாற்ற முடியாது. இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். உங்கள் கூரைக்குரிய காகிதம் எது, அதில் யார் பெயர், எத்தனை நாளைக்கு என்று பாருங்கள். தெரியாவிட்டால் அடுத்த ஞாயிறு கிளைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.